நாற்காலியின் முதுகிலுள்ள எண்

வீட்டு அலங்காரம் பற்றி வருகிற பத்திரிகைகளையும் கைபேசியில் ஓடுகிற படங்களையும் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அந்த அறைகளில் ஆள் இருப்பதில்லை. ஜன்னல் வழியே வெயில் விழுகிறது, ஒரு தொட்டிச்செடி, சாம்பலும் வெண்மையும் கலந்த சுவர், நடுவே ஒரு நாற்காலி. அதில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். உட்காருவதற்கென்று உண்டான ஒரு சாமானை உட்கார்தலிலிருந்து பிரித்தெடுத்து, பார்ப்பதற்குரிய வெறும் வடிவமாக மாற்றுவதுதான் இன்றைய அலங்காரச் சொல்லாடலின் அடிப்படையான காரியம் என்பது என் வாதம். நம்மிடையே இடதுசாரித் தோழர்கள் இதை 'ரசனை' விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இலக்கியக்காரர்கள் 'நுகர்வுக் கலாச்சாரம்' என்று ஒரே சொல்லில் திட்டிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். இரண்டுமே யோசிக்கிற வேலையை மிச்சப்படுத்திக்கொள்ளும் வழிகள்.

ரசனை என்பது வர்க்கத்தின் தழும்பு என்று பூர்தியு 1979இல் விரிவாக எழுதினார். அதற்கும் முன்னால் 1968இல் போத்ரியா, நவீன வீட்டில் பொருட்கள் தம் பயன்பாட்டை இழந்து ஒரு குறியமைப்பாகச் செயல்படுவதைப் பற்றித் தனி நூலே எழுதினார். இரண்டு பேரும் நமக்கு உதவுகிறார்கள், ஆனால் ஓரளவுக்குத்தான். அவர்கள் எழுதிய பிரான்சில் எந்த நாற்காலி என்பதுதான் கேள்வியாக இருந்தது. நாற்காலியில் உட்காரலாமா என்ற கேள்வி அங்கே எப்போதோ முடிந்துபோயிருந்தது. நம் நிலத்தில் அது இன்னும் முடியவில்லை. இங்கே நாற்காலி ஒரு குறியாக ஆவதற்கு முன்பே ஓர் அனுமதியாக இருக்கிறது, அல்லது அனுமதி மறுப்பாக. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் ஐரோப்பியக் கோட்பாட்டை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் அது நம் வரவேற்பறையில் தொங்கும் இன்னொரு அலங்காரப் பொருளாகிவிடும்.

பொதுவாகப் பேசிக்கொண்டிருக்காமல் ஒரு குறிப்பிட்ட நாற்காலியை எடுத்துக்கொள்ளலாம். தேக்குச் சட்டம், கவிழ்த்துப் போட்ட 'வி' எழுத்தைப் போன்ற கால்கள், முதுகிலும் இருக்கையிலும் பிரம்புப் பின்னல். படத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தெரிந்துவிடும். பெங்களூரின் காபிக்கடைகளிலும் சென்னையின் கடற்கரைச்சாலை வீடுகளிலும் இதன் நகல்கள் நிறைந்திருக்கின்றன. இத்தாலியின் கசினா நிறுவனம் 2019இல் இதன் வழிவந்த வடிவங்களைத் தன் தயாரிப்பில் சேர்த்தது. அலங்காரப் பத்திரிகைகளில் இதன் இனப்பெயர் 'மிட் செஞ்சுரி மாடர்ன்'. காலம் காலமாக இருந்துவருகிற பெயர் மாதிரி ஒலிக்கிறது. உண்மையில் 1984இல் அமெரிக்காவில் காரா கிரீன்பெர்க் எழுதிய ஒரு புத்தகத்தின் தலைப்பிலிருந்து பரவிய பெயர் அது. 

இந்த நாற்காலி எந்தப் பணக்காரனின் வரவேற்பறைக்காகவும் செய்யப்பட்டதல்ல. சண்டிகரின் அரசு அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்டது. 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் தேவைப்பட்டது. அங்கிருந்த கிராமங்களைக் காலிசெய்து அந்த இடத்தில் புதுநகரம் எழுந்தது. நேரு பழமையின் பாரமில்லாத நகரம் கேட்டார், லெ கொர்பூசியே வரைந்து கொடுத்தார். அவர் வந்து வந்து போனார். கூடப் பணியாற்றிய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே 1951இல் வந்து 1965 வரை அங்கேயே இருந்தார். 1967இல் இறந்த பிறகு அவரது சாம்பலும் சண்டிகரின் சுக்னா ஏரியில்தான் கரைக்கப்பட்டது. இதே இருவரும் பாரிசில் 1920களின் கடைசியில் வளைத்த எஃகுக் குழாயில் நாற்காலி செய்தவர்கள். இங்கே எஃகுக்கு எங்கே போவது? மரம் இருந்தது, பிரம்பு இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் குறைந்த கூலிக்குத் தச்சர்கள் இருந்தார்கள். நகரத்தின் செயலகம், சட்டமன்றம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்குமாக ஆயிரக்கணக்கில் மரச்சாமான்கள் பல பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுச் செய்யப்பட்டன. அதனால்தான் ஒரே வரைபடத்தில் பிறந்த நாற்காலிகளிலும் சட்டத்தின் தடிமன், காலின் சாய்வு, பொருத்துகளின் நேர்த்தி என்று பட்டறைக்குப் பட்டறை மாறுகிறது. வரைபடம் சொல்லாமல் விட்ட இடங்களைத் தச்சரின் கை நிரப்பியிருக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? அலுவலகங்களில் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. பிரம்பு அறுந்தது, கால் ஆடியது. எஃகும் ரெக்சினும் வந்தன, பிறகு சக்கர நாற்காலி வந்தது. பழையது மொட்டைமாடிக்கும் கொல்லைக்கும் போயிற்று, மழையில் நனைந்தது, கழித்துக்கட்டிய சாமான் என்று அரசு ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயிற்று. 1990களின் கடைசியிலிருந்து பாரிஸ் வியாபாரிகள் சிலர் இந்த ஏலங்களுக்கு வந்து மொத்தமாக வாங்கத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் பழுதுபார்த்து, கண்காட்சி வைத்து, பட்டியல் அச்சடித்து, சர்வதேச ஏலக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். விறகாகப் போயிருக்கக்கூடிய நாற்காலி லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகிறது. 2011இல் இந்திய அரசு இந்தச் சாமான்களை விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாதென்று உத்தரவு போட்டது. ஆனால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி இத்தகைய கலைப்பொருள் தொல்பொருளாவதற்கு நூறு வயது ஆகவேண்டும். நாற்காலிக்கோ எழுபதைத்தான் எட்டுகிறது. அதனால் ஒவ்வொரு வெளிநாட்டு ஏலத்தின்போதும் இங்கிருந்து கண்டனக் கடிதம் போகிறது, ஏலம் அதுபாட்டுக்கு நடக்கிறது.

பழுதுபார்த்தல் என்ற இடத்தில் சற்று நிற்கவேண்டும். வியாபாரிகள் மரத்தின்மேல் ஏறிப்போயிருந்த வார்னிஷையும் அழுக்கையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாகப் பிரம்பு பின்னி, மெருகேற்றுகிறார்கள். ஐம்பது வருஷத்து வியர்வை, பேனா மை, டீ டம்ளர் வைத்த வட்டக்கறை, குமாஸ்தாவின் முழங்கை தேய்த்த பள்ளம் எல்லாம் போய்விடும். ஆனால் ஒன்றை மட்டும் தொடமாட்டார்கள். நாற்காலியின் முதுகுச்சட்டத்தில் வெள்ளைப் பெயின்டால் எழுதின துறைப் பெயரின் சுருக்கமும் எண்ணும். எந்த ஆபீசிலும் இருக்குமே, இருப்புப் பதிவேட்டில் ஏற்றின எண், அதுதான். சாமான் திருட்டுப் போகக்கூடாது என்பதற்காக ஒரு கீழ்நிலை ஊழியர் அச்சுத்தகடு வைத்துப் பூசினது. இன்று ஏலப்பட்டியலில் தனியாகப் படம் பிடித்துப் போடப்படுவது அந்த எண்தான். அது இருந்தால் அசல், விலை ஏறும். வெளியே போய்விட்டது என்பதைக் காட்டிக்கொடுப்பதற்காக எழுதிய எண்ணே, வெளியே போன பொருளின் மதிப்பைக் கூட்டுகிற சான்றிதழாகிவிட்டது. ஒரு குறிப்பான் தன் குறிப்பீட்டைத் தலைகீழாக்கிக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்தக் கோட்பாட்டு நூலிலும் நான் பார்க்கவில்லை.

ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013இல் 'புரவனன்ஸ்' என்று ஒரு படம் எடுத்தார். நியூயார்க், லண்டன் பணக்கார வீடுகளிலிருந்து தொடங்கி, ஏலக்கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கி நகர்ந்து கடைசியில் சண்டிகருக்கு வந்து சேரும். பேச்சே கிடையாது. அந்தப் படத்தையே அவர் அதே வருஷம் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விட்டார். சந்தையை விமர்சிக்கிற பிரதியும் சந்தைக்குள் ஓர் இலக்கம்தான் என்பதைச் சொல்லிக்காட்டுகிற நேர்மை அதில் உண்டு. சாமர்த்தியமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

சரி, யாருடைய நாற்காலி இது? பட்டியலில் 'பியர் ஜான்னரே' என்றிருக்கும். அந்தப் பெயரே நீண்டகாலம் லெ கொர்பூசியேயின் நிழலில் கிடந்து இப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்த பெயர். பாரிசில் செய்த எஃகுக்குழாய் சாமான்களில் ஷார்லோத் பெரியாங் என்ற பெண்ணின் பங்கு எவ்வளவு பெரியது என்பதும் வெகுகாலம் மறைக்கப்பட்டிருந்தது. 1927இல் வேலை கேட்டுப் போனபோது, இங்கே மெத்தையில் பூப்போடுகிற வேலையெல்லாம் இல்லை என்று லெ கொர்பூசியே தன்னைத் திருப்பியனுப்பியதைப் பெரியாங் பின்னாளில் எழுதியிருக்கிறார். சண்டிகரில் அதே நாடகம் வேறு நிறத்தில். ஊர்மிளா யூலி சௌத்ரி அந்தக் குழுவில் இருந்த கட்டடக்கலைஞர், மரச்சாமான் வடிவமைப்பில் ஜான்னரேயோடு வேலை செய்தவர். பின்னாளில் மாநிலத் தலைமைக் கட்டடக்கலைஞராகவே ஆனவர். உலகச் சந்தையில் அவர் பெயருக்கு விலை இல்லை, அதனால் பட்டியலில் இடமும் அரிதாகத்தான் கிடைக்கிறது.

அவருக்காவது ஆய்வாளர்கள் பரிந்து பேசுகிறார்கள். தச்சர்களுக்கு? பஞ்சாபில் தச்சு என்பது ஒரு சாதியின் தொழில். நம்மூரில் ஆசாரி என்பது மாதிரி. வரைகிறவன் 'கலைஞன்', இழைக்கிறவன் 'தொழிலாளி' என்ற பிரிவினை ஐரோப்பிய நவீனத்துவம் கொண்டுவந்தது என்று சொல்லுவது வழக்கம். நம்மிடம் அந்தப் பிரிவினைக்கு வேறு அஸ்திவாரம் ஏற்கெனவே போட்டுவைத்திருந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்டபோது எந்த உரசலும் ஏற்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

தச்சருக்கும் கீழே இன்னொரு கை இருக்கிறது, பிரம்பு பின்னுகிற கை. சட்டத்தைச் சுற்றித் துளைகள் போட்டு, பிரம்புத் தோலை ஈரப்படுத்தி, குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலுமாக ஒவ்வொரு இழையாக இழுத்துக் கட்டவேண்டும். கண்ணைவிட விரல் நுனிக்கு அதிகம் வேலை வைக்கிற தொழில். நம் நாட்டில் பார்வையற்றோர் பள்ளிகள் பலவற்றில் இதுதான் தொழிற்பாடமாக இருந்தது. அரசு அலுவலகங்களில் அறுந்த நாற்காலிகளுக்குப் பின்னல் போட வந்தவர்களில் பார்வையற்றவர்கள் பலர். அரசாங்கம் பிரம்பை விட்டு ரெக்சினுக்கும் ஸ்பாஞ்சுக்கும் மாறினபோது அது அலுவலக நவீனமயமாக்கம் என்றுதான் கோப்பில் ஏறியிருக்கும். சிலபேருடைய பிழைப்பு போனது எந்தக் கோப்பிலும் ஏறியிருக்காது. இப்போது கடந்த சில வருஷங்களாகப் பிரம்புப் பின்னல் மறுபடி வந்திருக்கிறது. அலமாரிக் கதவில், கட்டிலின் தலைமாட்டில், ஷூ வைக்கிற பெட்டியில். ஆனால் இது இயந்திரத்தில் நெய்து சுருளாக விற்கிற பின்னல். தேவையான அளவுக்கு வெட்டி, சட்டத்தில் காடி எடுத்து, பசை தடவி, ஒரு குச்சியை வைத்து அடித்துவிட்டால் முடிந்தது. பின்னலின் தோற்றம் திரும்பி வந்திருக்கிறது, பின்னுகிறவர் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் தேசியவாதிகள் குறுக்கிடுவார்கள். நம் பாரம்பரியச் சொத்தை வெள்ளைக்காரன் கொள்ளையடித்துவிட்டான், மீட்டுக்கொண்டு வந்து மியூசியத்தில் வைக்க வேண்டும் என்பார்கள். 2016இல் சண்டிகரின் தலைமைச்செயலக வளாகம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு இந்தக் குரல் இன்னும் ஓங்கியிருக்கிறது. எனக்கு இதில் உற்சாகம் இல்லை. எதை மீட்கிறோம்? அந்த நகரமே சம்பளத்தின்படி அடுக்கிவைத்த நகரம். அரசு வீடுகள் முதலமைச்சரிலிருந்து பியூன் வரை பதின்மூன்று தரங்களாக எண்ணிடப்பட்டு வடிவமைக்கப்பட்டன. மரச்சாமான்களின் பெயர்களிலேயே படிநிலை தெரியும்: கமிட்டி நாற்காலி, வழக்கறிஞர் நாற்காலி, அலுவலக நாற்காலி, மாணவர் நாற்காலி, கடைசியில் ஸ்டூல். கைவைத்த நாற்காலி யாருக்கு, கையில்லாதது யாருக்கு, மெத்தை யாருக்கு என்பதை நம் ஆபீஸ்களில் வேலைபார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதிகாரியின் கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்த உடம்பின் வரலாறு அது. மியூசியத்தில் கயிறு கட்டி வைத்தால் இந்த வரலாறு வெளிவந்துவிடுமா? பாரிசில் உப்புத்தாள் செய்த வேலையை இங்கே கண்ணாடிப்பெட்டி செய்யும்.

இன்றைய பாணிகளைப் பற்றிக் கொஞ்சம். ஸ்காண்டிநேவியன், மினிமலிசம், இப்போது ஜப்பாண்டி. (பெயரைக் கேட்டால் மதுரைப் பக்கத்துக் காவல்தெய்வம் போலிருக்கிறது. ஜப்பானையும் ஸ்காண்டிநேவியாவையும் ஒட்டவைத்த சந்தைச் சொல்.) எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டளை ஒன்றுதான்: வெளியே எதுவும் தெரியக்கூடாது. வெறுமைதான் நாகரிகம். இந்த எண்ணத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. வியன்னாவின் அடால்ஃப் லூஸ் 'அலங்காரமும் குற்றமும்' என்று எழுதியபோது, உடம்பில் பச்சைகுத்திக்கொள்ளும் பப்புவா மனிதனை வளர்ச்சியின் கீழ்ப்படியில் நிறுத்தித்தான் வெற்றுச்சுவரை மேல்படியில் ஏற்றினார். அந்த இனவாதம் பின்னாளில் உதிர்ந்து, வெற்றுச்சுவர் மட்டும் நின்றது. நம் நடுத்தர வர்க்கத்துச் சமையலறையில் அது வந்து சேர்ந்திருப்பது மாடுலர் கிச்சனாக. அம்மியும் அரிவாள்மணையும் போகட்டும், எண்ணெய் பாட்டில் கூடக் கதவுக்குப் பின்னால் போகவேண்டும். தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிற உடம்புக்கு அங்கே இடமில்லை. வேலை செய்ய வரும் பெண்ணுக்கு 'யுடிலிட்டி' என்றொரு மூலை ஒதுக்கியிருப்பார்கள். உட்கார அங்கே ஒன்றும் இருக்காது.

இன்னொரு பக்கம், வெறுமை அலுத்தவர்கள் காரைக்குடிக்குப் போகிறார்கள். பர்மாவில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்த பணத்தில், பர்மாத் தேக்கில் எழும்பிய வீடுகள் பாகம் பிரிக்க முடியாமல் இடிக்கப்பட, தூணும் நிலையும் முனீஸ்வரன் கோவில் தெருவின் பழஞ்சாமான் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போகின்றன. எதையும் தாங்காத தூண் ஒன்று ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழே நிற்பதைப் பார்த்திருக்கலாம். அதைச் சுற்றியுள்ள பிளைவுட் வேலையெல்லாம் பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்த தச்சர்கள் செய்தது. வேலை முடியும்வரை அந்த வீட்டின் வெறுந்தரையில்தான் படுத்துத் தூங்குகிறார்கள். அலங்காரப் படத்தில் அவர்கள் வரமாட்டார்கள். பலகையை அறுக்கும்போது அவர்கள் சுவாசித்த தூளும் வராது.

நாற்காலி எப்படி வடிவமைக்கப்பட்டதோ அப்படியேதான் புழங்கும் என்பதில்லை. கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையில் ஒரு வீட்டுக்கு வந்துசேர்ந்த நாற்காலியை ஊர்க்காரர்கள் செத்தவர்களை உட்காரவைக்க இரவல் வாங்கிப்போகிறார்கள். ஊர் தனக்கு வேண்டிய அர்த்தத்தைச் சாமானின்மேல் ஏற்றிவிடுகிறது. சாதியும் அப்படித்தான் ஏற்றுகிறது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளிவந்தது. மற்றவர்களுக்கு நாற்காலி இருந்தது. அது எந்த அழகியல் பத்திரிகையிலும் இடம்பெறாத சாதாரண நாற்காலிதான். தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022இல் 386 ஊராட்சிகளில் நடத்திய ஆய்வில் 22 இடங்களில் தலித் தலைவர்களுக்கு நாற்காலி கிடையாது என்று தெரியவந்தது. கிடையாது என்றால் வாங்கப் பணமில்லை என்று அர்த்தமல்ல.

இதனால்தான் அலங்காரக்காரர்கள் முகம்சுளிக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். 1972இல் பிரான்சில் ஆன்ரி மசோனே செய்த வடிவத்திலிருந்து பரவின, ஒரே அச்சில் ஒரே வார்ப்பாக வருகிற சாமான். ஒன்றை வார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆவதில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் ஊர் அழகு கெடுகிறதென்று 2008 முதல் 2017 வரை இதைப் பொது இடங்களில் தடைசெய்து வைத்திருந்தது. நம்மிடம் கல்யாணம், கருமாதி, தெருமுனைக் கூட்டம், டீக்கடை எல்லாம் இதன்மேல்தான் நடக்கின்றன. அடுக்கிவைத்தால் முதல் நாற்காலி எது, கடைசி எது என்று தெரியாது. ஆளுக்கேற்ற தரம் இதில் இல்லை. மேடையில் உள்ளவருக்கு ஒரு டர்க்கி டவலை விரித்துத்தான் வித்தியாசம் காட்டவேண்டியிருக்கிறது. சுற்றுச்சூழல் பாவம் இதன் தலையில் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தேக்கின் 'இயற்கைத்தன்மை'யைப் பேசுகிறவர்கள் அந்தத் தேக்கு எந்தக் காட்டிலிருந்து, யாருடைய கூலியில் வந்தது என்பதையும் சேர்த்துப் பேசினால் நியாயமாக இருக்கும்.

கடைசியாக ஃபர்னிச்சர் கடைகள். ('அறைகலன்' என்று அகராதி சொன்னாலும் கடைத்தெரு கேட்காது.) 2018இல் ஐகியா ஹைதராபாத்தில் திறந்ததிலிருந்து பெரிய பெரிய காட்சிக்கூடங்கள் நம் ஊர்களிலும் பெருகிவிட்டன. கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடி 2018இல் கேரளத்தில் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் ஏற்றினார்கள். அதைத் தொடர்ந்து 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்கவேண்டும் என்று சேர்த்தது. அதன் வாசகம் கவனத்துக்குரியது. உட்கார நேரம் ஒதுக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை, வேலையினூடே கிடைக்கிற வாய்ப்பைப் பயன்படுத்தி உட்கார்ந்துகொள்ள வசதி இருக்கவேண்டும் என்கிறது. வாடிக்கையாளர் வந்துகொண்டேயிருக்கிற கடையில் அந்த வாய்ப்பு எப்போது கிடைக்கும்? நூற்றுக்கணக்கான நாற்காலிகளுக்கும் சோபாக்களுக்கும் நடுவே காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிற பெண்ணிடம் போய்க் கேட்டுப் பார்க்கலாம். நாம் உட்கார்ந்து, சாய்ந்து, ஒருதரம் குதித்தும் பார்க்கிறோம். முதுகுக்கு ரொம்ப இதமா இருக்கும் சார் என்று நின்றபடியே அவர் சொல்லுகிறார். அவருக்காக வாங்கின ஸ்டூல் பில் போடுகிற மேசைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. அதன்மேல் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் இரண்டு.